மாடி வீட்டு யூனிட் கீழ்வீட்டுப் பில்லில் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: மதுரை விளாங்குடியில் எங்கள் வீடு. கீழே வயதான அப்பா, அம்மா மட்டும். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், ஏ.சி. உண்டு. இரண்டுக்கும் தனித்தனி சர்வீஸ். நாலு மாதம் முன்பு இரண்டு மீட்டரையும் ஒரே நாளில் மாற்றினார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு பில்லிலும் கீழ்வீட்டுக்கு 2,544, 3,258 ரூபாய். மாடிக்கு 188, 141 ரூபாய். குடியிருப்பவர், "என் நம்பருக்கு வந்ததைக் கட்டிவிட்டேன்" என்கிறார். ஈ.பி. ஆபீசில், "முதலில் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். இனி என்ன வழி?

பதில்:

மீட்டர் மாற்றிய கையோடு பில் தலைகீழாகியிருக்கிறது. வயதான இருவர் மட்டும் இருக்கிற வீட்டில் 560 யூனிட், ஏ.சி. ஓடுகிற வீட்டில் 180 யூனிட் என்றால் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் எங்கே மாறியது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்காமல் மனு கொடுத்தால் அலையவிடுவார்கள்.

ஒரு மீட்டருக்கு இரண்டு இணைப்பு உண்டு. ஒன்று வயர்: மீட்டரிலிருந்து மெயின் ஸ்விட்ச் வழியாக வீட்டுக்குள் போவது. இன்னொன்று பதிவு: இந்த எண்ணுள்ள மீட்டர் இந்த சர்வீஸ் நம்பருக்கு உரியது என்று அலுவலகக் கணினியில் இருப்பது. வயர் மட்டும் மாறினாலும் பில் மாறும், பதிவு மட்டும் மாறினாலும் பில் மாறும். இரண்டுமே மாறியிருந்தால் பில் சரியாக வரும்! பழைய வீடுகளில் இது நிறையவே உண்டு. வீடு கட்டும்போதே வயர் குறுக்கே போயிருக்கும், முதல் மீட்டர் வைத்தவர் பதிவையும் குறுக்கே போட்டிருப்பார், பல வருடம் யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கும். புதிய மீட்டர் வைக்க வருபவர் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்துப் பதிவை ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போவார். அன்றிலிருந்து பில் தலைகீழ். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது நம்பர் மறைந்து, பிறகு ஞாபகத்தில் மாற்றி எழுதிய வீடுகளிலும் இதே கதைதான்.

இதனால் ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாற்றச் சொல்லிவிட்டு, அலுவலகத்திலும் பதிவை மாற்றச் சொல்லி மனு கொடுக்காதீர்கள். இரண்டும் நடந்தால் மறுபடி பழைய குழப்பத்தில்தான் போய் நிற்பீர்கள். ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். மனு கொடுத்த பிறகு ஆய்வு முடியும்வரை வயரில் கை வைக்கவே கூடாது. வைத்தால் ஆய்வுக்கு வருபவர் பார்க்கிற நிலை வேறு, பில் வந்த காலத்து நிலை வேறு என்றாகிவிடும்.

இப்போது சோதனை. அரை மணி நேரம் போதும். குடியிருப்பவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு அவர் கையெழுத்தும் தேவைப்படும்.

முதலில் இரண்டு மீட்டரின் முகப்பையும் போட்டோ எடுங்கள். மீட்டர் எண்ணும் அந்த நேரத்து ரீடிங்கும் தெரிய வேண்டும். அந்த ரீடிங்கைப் பில்லில் உள்ள கடைசி ரீடிங்கோடு ஒப்பிடுங்கள். புதிய மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியிருந்தால், உங்கள் கணக்குப்படி கீழ்வீட்டு சர்வீஸில் 560, பிறகு 1,200 என்று ஏறியிருக்கும். மாடியில் 180, பிறகு 340. இன்று 1,200-ஐத் தாண்டி நிற்கிற மீட்டர் எது, அதன் எண் எந்த வெள்ளை அட்டையில் (ரீடிங் குறிக்கும் மின்கணக்கு அட்டை) இருக்கிறது, சுவரில் அதன் பக்கத்தில் எந்த சர்வீஸ் நம்பர் எழுதியிருக்கிறது என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மதுரை மண்டலத்து சர்வீஸ் நம்பர் 05 என்று தொடங்கும். பெரும்பாலும் இரண்டு நம்பருக்கும் கடைசி ஒன்றிரண்டு இலக்கம்தான் வித்தியாசமாக இருக்கும். அவசரத்தில் எழுதும்போது மாறுவது அங்கேதான்.

அடுத்து, இரண்டு வீட்டிலும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், மோட்டார், இன்வெர்ட்டர் உட்பட. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அதை மறந்தால் சோதனையே வீண். பேட்டரி சார்ஜ் ஆவதற்கு மட்டும் அது நல்ல கரண்ட் இழுக்கும். எல்லாம் அணைந்தபின் மீட்டரின் சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கு சிமிட்டாமல் நிற்க வேண்டும்.

பிறகு கீழ்வீட்டில் மட்டும் 1,500 வாட் வாட்டர் ஹீட்டரையோ கெட்டிலையோ போடுங்கள். அயர்ன் பாக்ஸ் வேண்டாம், சூடானதும் தானே அணைந்து எரியும், எண்ணிக்கை பிசகும். எந்த மீட்டர் சிமிட்டுகிறது என்று பாருங்கள். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். 3,200 என்று இருந்தால் 1,500 வாட்டுக்கு ஒரு நிமிடத்தில் சுமார் 80 முறை சிமிட்ட வேண்டும். 1,600 என்று இருந்தால் 40. எண்ணிக்கை ஏறக்குறைய பொருந்தினால் மீட்டர் ஓட்டம் சரி என்பதும் கூடவே தெரிந்துவிடும். இதையே மாடியில் மட்டும் போட்டுப் பாருங்கள். மீட்டர் எண்ணில் தொடங்கி, ஹீட்டர் போடுவது, எந்த விளக்கு சிமிட்டுகிறது என்பதுவரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மெயின் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். "கீழ்" என்று எழுதிய ஸ்விட்சை அணைத்தால் கீழ்வீடு இருட்டாகிறது, ஆனால் கீழ்வீட்டு ஹீட்டருக்குச் சிமிட்டுவது மாடியின் மீட்டர் என்றால், குறுக்கீடு மீட்டருக்கும் மெயின் ஸ்விட்சுக்கும் நடுவில் இருக்கிறது. அது மீட்டரை மாற்ற வந்தவர்கள் கழற்றி மாட்டிய இடம். "கீழ்" ஸ்விட்சை அணைத்தால் மாடி இருட்டாகிறது என்றால் மெயின் ஸ்விட்சுக்கு அப்புறம் உள்ள உங்கள் வயரிங்கில் குறுக்கீடு இருக்கிறது. அது மின்வாரியத்தின் பொறுப்பில் வராது.

மீட்டரின் டெர்மினல் மூடியையோ சீலையோ தொடாதீர்கள். எலக்ட்ரீஷியன், "நானே திறந்து மாற்றிவிடுகிறேன்" என்று சொன்னாலும் விடாதீர்கள். மின்சாரச் சட்டம் 2003-ன் 138-ஆம் பிரிவு மீட்டரில் கை வைப்பதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. நியாயம் கேட்கப் போகிறவர் தன் மேல் வழக்கு வாங்கிக்கொண்டு வரக்கூடாது.

உங்கள் விஷயத்தில் நாலு மாதம் முன்புவரை பில் சரியாக வந்திருக்கிறது. இதுதான் உங்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம். வயரிங் ஆதியிலிருந்தே குறுக்கே இருந்திருந்தாலும், மீட்டர் மாற்றும்வரை இரண்டு கணக்கும் ஒழுங்காக நடந்தது, மாற்றிய நாளில்தான் பிசகியது என்பதைப் பழைய யூனிட் கணக்கே காட்டிவிடும். வெள்ளை அட்டையின் பக்கங்களை நகலெடுங்கள். மின்வாரிய இணையதளத்திலும் சர்வீஸ் நம்பரைக் கொடுத்துப் பழைய கணக்கை எடுக்கலாம். குறைந்தது ஒரு வருடத்து, ஆறு கணக்கெடுப்பு யூனிட்டுகளை இரண்டு சர்வீஸுக்கும் பக்கம் பக்கமாக ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் தேதியில் இரண்டும் இடம் மாறின என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

இனி பணக் கணக்கு. 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு, அரசு மானியம் போக வீட்டு இணைப்புக்கு நாம் கட்டுவது இப்படி: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை முழுக்க 4.70, 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45 என்று ஏறும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுகிறது. இந்த மடிப்பு தெரியாமல் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று சராசரி போட்டுப் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு நிச்சயம் நஷ்டம்.

உங்கள் பில்லைப் பிரித்தால், 560 யூனிட்: 1,410 + 630 + 504 = 2,544. 640 யூனிட்: 1,410 + 630 + 840 + 378 = 3,258. மாடியில் 180 யூனிட்டுக்கு 188, 160 யூனிட்டுக்கு 141. கீழ்வீடு கட்டியிருக்க வேண்டியது 188 + 141 = 329. கட்டியதோ கட்டச் சொன்னதோ 5,802. வித்தியாசம் 5,473 ரூபாய். மாடி சர்வீஸ் அதே 5,473-ஐக் குறைவாகக் கட்டியிருக்கிறது. முழுக்க இடம் மாறிய கேஸில் கூட்டுத்தொகை மாறாது. வாரியத்துக்கு வர வேண்டிய பணம் மொத்தமாக வந்துவிட்டது, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் போதும். மனுவில் இதை எழுதுங்கள். வாரியத்துக்கு நஷ்டம் இல்லை என்று தெரிந்தால் அதிகாரிக்கும் கையெழுத்துப் போடத் தயக்கம் குறையும்.

மனுவை உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்து உதவி மின் பொறியாளருக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். இரண்டு சர்வீஸ் நம்பர், இரண்டு மீட்டர் எண், மீட்டர் மாற்றிய தேதி, அதற்கு முன்னும் பின்னும் யூனிட், சோதனையில் கண்டது, நீங்கள் கேட்பது. கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள்: "இரு இணைப்புகளையும் நேரில் ஆய்வு செய்து, மீட்டர் எண்களை உரிய சர்வீஸ் நம்பருக்கு மாற்றிப் பதிவு செய்யவும், மீட்டர் மாற்றிய தேதி முதல் இரு கணக்குகளையும் திருத்தி, கூடுதலாக வசூலான தொகையை வட்டியுடன் வரவு வைக்கவும் வேண்டுகிறேன்." "பில் அதிகமாக வருகிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் மீட்டர் சோதனைக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். மீட்டர் நன்றாக ஓடுகிறது, யாருடைய மீட்டர் என்பதுதான் தகராறு. அதற்குச் சோதனைக் கூடம் தேவையில்லை. இதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

இரண்டு சர்வீஸும் உங்கள் அப்பா பெயரில் இருந்தால் அவர் கையெழுத்து, கூடவே குடியிருப்பவரின் சம்மதக் கையெழுத்து. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் மனுவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-லும் புகாரைப் பதிவு செய்து புகார் எண்ணை மனுவின் மேல் எழுதுங்கள். தொலைபேசிப் புகார் மட்டும் போதாது. கணக்குத் திருத்தம் காகிதத்தில்தான் நடக்கும்.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் மின் வழங்கல் விதித்தொகுப்பு 2004, 12-ஆம் விதி, கணக்கில் பிழை நேர்ந்தால் கூடுதலாகக் கட்டியவருக்குத் திரும்பப் பெறும் உரிமையையும், குறைவாக வாங்கிய வாரியத்துக்கு மீதியைக் கேட்கும் உரிமையையும் தருகிறது. மனுவில் இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

"முதலில் கட்டுங்கள்" என்பதற்கு வருவோம். கட்டாமல் விட்டால் கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்க வருவார்கள். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அந்தப் பரீட்சை வேண்டாம். அதற்காக முழுத் தொகையையும் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மின்சாரச் சட்டம் 56(1) பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: தகராறு உள்ள பில்லில், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. துண்டிப்பதற்கும் 15 முழு நாள் எழுத்து மூலம் முன்னறிவிப்பு வேண்டும். ஆனால் ஆன்லைனில் பகுதித் தொகையாகக் கட்ட முடியாது என்பதால் பிரிவு அலுவலகத்தில் கடிதத்துடன் போய்க் கேட்க வேண்டியிருக்கும். பணம் புரட்ட முடிந்தால் முழுத் தொகையையும் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று கடிதம் கொடுத்துக் கட்டிவிடுவதே தலைவலி இல்லாத வழி. திரும்ப வருவது அடுத்தடுத்த பில்லில் வரவாகக் கழியும்.

கீழ்வீட்டு யூனிட் தவறாக ஏறியிருக்கும் வரையில் இன்னொரு தொல்லையும் காத்திருக்கிறது. வைப்புத்தொகையைச் சரிபார்க்கும்போது பழைய பில் தொகையை வைத்துத்தான் கூடுதல் டெபாசிட் கேட்பார்கள். திருத்தம் தள்ளிப்போனால் அதையும் தப்பான கணக்கில் கட்ட நேரும்.

குடியிருப்பவர் பக்கத்தையும் யோசிக்க வேண்டும். அவர் தவறு ஏதும் செய்யவில்லை, ஆனால் ஓடிய ஏ.சி.க்கான கரண்ட் அவர் உபயோகித்ததுதான். திருத்தம் நடந்தால் 5,473 ரூபாய் மொத்தமாக அவர் சர்வீஸில் நிலுவையாக ஏறும். தவணை கேட்டு அவரும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுப்பது நல்லது. "பழைய பாக்கியை இரண்டு வருடத்துக்கு மேல் கேட்க முடியாது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 56(2) பிரிவு அப்படி ஒரு வரம்பு வைத்திருப்பது உண்மை. ஆனால் 2020-ல் அஜ்மீர் மின் வழங்கல் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழையால் விடுபட்ட தொகைக்குப் பின்னால் துணை பில் போடுவதை அந்த வரம்பு தடுக்காது, அதற்காக இணைப்பைத் துண்டிக்கத்தான் கூடாது என்று தீர்ப்பளித்தது. உங்களுடையது நாலு மாதக் கணக்கு என்பதால் இந்த வாதத்துக்கே இடமில்லை. அவர் வீடு காலி செய்யும் எண்ணத்தில் இருந்தால் மட்டும் அவசரப்படுங்கள். அட்வான்ஸைத் திருப்பித் தருவதற்கு முன் இந்தத் தொகையை இருவரும் கையெழுத்திட்ட தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவு அலுவலகத்தில் அடுத்த கணக்கெடுப்புக்குள் ஆய்வு நடக்காவிட்டால் மேலே போங்கள். உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், வட்ட அளவில் மேற்பார்வைப் பொறியாளர் என்று வரிசை. மாதந்தோறும் செயற்பொறியாளர் அலுவலகங்களில் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடக்கும், தேதி பத்திரிகைகளின் மதுரைப் பக்கத்தில் வரும். இப்படி ஒரு தாளில் அடங்கும் கேஸுக்கு அந்தக் கூட்டம்தான் மிகச் சிறந்த இடம். ஏனென்றால் ஆய்வுக்கு உத்தரவிடக் கூடியவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். மீட்டர் மாற்றிய அன்று எழுதிய அறிக்கையின் நகல் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எந்த மீட்டர் எண்ணை எந்த சர்வீஸில் எழுதினார்கள், பழைய மீட்டரின் கடைசி ரீடிங் என்ன என்று இரண்டையும் கேளுங்கள். அதற்கும் மேலே ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதன் முடிவிலும் திருப்தியில்லை என்றால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சத்துக்குள் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் 5,473 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

ஒருவேளை சோதனையில் முழுக்க இடம் மாறவில்லை, இரண்டு மீட்டரும் கலந்து சிமிட்டுகின்றன என்று தெரிந்தால், விஷயம் வேறு. மோட்டார், மாடிப்படி விளக்கு, மாடி பாத்ரூம் கீசர் போல ஒரு சர்க்யூட் மட்டும் அடுத்தவர் மீட்டரில் போயிருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடும். ஒரு எச்.பி. மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 60 யூனிட். 180 யூனிட் ஓடுகிற கீழ்வீட்டு மீட்டரில் அது 235 ரூபாய்தான் கூட்டும். 480 ஓடுகிற மாடி மீட்டரில் இருந்தால் 500-ஐத் தாண்டி 697 ரூபாய் கூட்டிவிடும். பொது மோட்டாரைக் குறைவாக ஓடும் மீட்டரில் வைத்து, ஒரு சப் மீட்டர் மாட்டி, யூனிட்டைப் பாதிப் பாதியாகப் பகிர்வதே இரண்டு வீட்டுக்கும் லாபம்.

இதைவிட மோசம் நியூட்ரல் கலப்பு, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகிவிடுவது. மாடி கட்டும்போதோ, ஒரே இன்வெர்ட்டரில் இரண்டு வீட்டுக்கும் லைன் இழுத்தபோதோ எலக்ட்ரீஷியன் இரண்டு வீட்டு நியூட்ரலையும் ஒரே இடத்தில் முறுக்கியிருப்பார். இன்றைய மின்னணு மீட்டர், கரண்ட் வருகிற பேஸ் வயர், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் கரண்டைப் பார்த்து, எது அதிகமோ அதை வைத்துத்தான் யூனிட் ஏற்றும். மாடி ஏ.சி.யின் கரண்ட் மாடி மீட்டரின் பேஸில் போய், பாதி கீழ்வீட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பினால், மாடி மீட்டரும் ஏறும், கீழ் மீட்டரும் ஏறும். ஒரே கரண்டுக்கு இரண்டு வீடும் காசு கட்டும். இதற்கு அடையாளம்: எல்லாம் அணைந்த வீட்டின் மீட்டர், அடுத்த வீட்டில் ஏ.சி. போட்டதும் சிமிட்டத் தொடங்கும், மீட்டரில் ஈ.எல். என்ற எச்சரிக்கை விளக்கு எரியும், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இருந்தால் அது அடிக்கடி விழும். இதை வாரியம் திருத்தாது, கட்டிய பணமும் திரும்பாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, இரண்டு வீட்டு நியூட்ரலையும் போர்டிலிருந்து கடைசி ஜங்ஷன் பாக்ஸ் வரை தனித்தனியாகப் பிரித்தாக வேண்டும். பாதியில் விட்டால் ஒரு ரூமின் நியூட்ரல் அந்தரத்தில் நின்று வேறு ஆபத்து வரும்.

ஆய்வுக்கு வருபவர் இரண்டும் தனித்தனிக் குடியிருப்புதானா என்றும் பார்ப்பார். தனிச் சமையலறை, தனி வாசல், வாடகை ஒப்பந்தம் எல்லாம் தயாராக இருக்கட்டும்.

திருத்தம் முடிந்ததும் புதிய பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மீட்டர் பெட்டி மேல் சர்வீஸ் நம்பரோடு மீட்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் "கீழ்", "மாடி" என்பதையும் சேர்த்து அழியாத பெயிண்டில் எழுதுங்கள். அடுத்த கணக்கெடுப்பு நாளில் ஒரே முறை, ரீடிங் எடுப்பவர் போன கையோடு இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து, அன்று மாலை வரும் குறுஞ்செய்தியில் உள்ள யூனிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.